லேபர் காண்ட்ராக்ட் வீடு

வீடு கட்டப்போகிறோம் என்று வெளியில் மூச்சு விடக் கூடாது. விட்டால் மறு நிமிஷமே ஊரில் இருக்கிற அத்தனை பேரும் இன்ஜினீயர் ஆகிவிடுகிறார்கள். நான் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்காருகிறவள். ஸ்பீடு போஸ்ட் அனுப்ப வருகிறவர் கவரை நீட்டிக்கொண்டே, "ஃபுல் காண்ட்ராக்ட் மட்டும் விட்றாதீங்க மேடம், உங்க கண்ணுல மண்ணத் தூவிருவான்" என்பார். அவருக்குப் பின்னால் நிற்கிறவர், "லேபர் காண்ட்ராக்ட் பக்கமே போயிறாதீங்க, நாய் படாத பாடு படணும்" என்பார். இரண்டு பேரும் சொந்தமாக வீடு கட்டி நொந்தவர்கள். இரண்டு பேரிடமும் தலையை ஆட்டிவிட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி அனுப்பிவைப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் காண்ட்ராக்ட் என்றால் செங்கல், சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் பில்டர் பொறுப்பு. கட்டம் கட்டமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் நாம் போய்ச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். லேபர் காண்ட்ராக்ட் என்றால் மேஸ்திரியிடம் கூலியை மட்டும் பேசி விடுவது. சாமான் எல்லாம் நாம்தான் வாங்கிப் போட வேண்டும். ஆணி தீர்ந்துபோனாலும் நமக்குத்தான் போன் வரும்.

எங்கள் வீட்டில் நானும் என் தங்கச்சியும்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் சண்டைக்குப் போனேன் என்று அண்ணன் சொல்லுவான். அவன் சொல்லுவதில் பாதி உண்மை. தங்கச்சி கல்லூரி முடித்த வருஷம் ஸ்கூட்டரில் போகும்போது லாரி இடித்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கிறாள். அவள் குரல் உயர்ந்தால் தெருவே வினைச்சொல் மனப்பாடம் செய்யும்.

அப்போது ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். வாசலில் மூன்று படி. அவள் வெளியே போக வேண்டுமென்றால் நாற்காலியை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் எதிர்வீட்டுக்காரரும் தூக்கி இறக்க வேண்டும். அவர் தங்கமான மனுஷர், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். ஆனால் அவர் குளித்துக்கொண்டிருந்தால் இவள் காத்திருக்க வேண்டும். அவர் ஊருக்குப் போனால் இவள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

கருவடிக்குப்பத்தில் அப்பா வாங்கிப் போட்ட மனை சும்மா கிடந்தது. அதில் கட்டிவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"என்னை யாரும் தூக்கக் கூடாது. நானா வாசலத் தாண்டி, நானா தெருமுனைக்குப் போயி, நானா மீன் வாங்கிட்டு வரணும். அவ்ளோதான்."

மீன் எங்கே வந்தது என்றால், நான் வாங்கி வருகிற மீனை அவள் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னது கிடையாது. "இதுக்குக் கண்ணு உள்ள போயிருக்கு பாரு. செவுளத் தூக்கிப் பாத்தியா, இல்ல பையை நீட்டிட்டு நின்னியா?" என்று அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள். நான் பையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஜாதிதான். எனக்குப் பார்க்கத் தெரியாது. மீன்கார அம்மா சிரித்துக்கொண்டே எதைப் போட்டாலும் வாங்கி வருவேன்.

அண்ணன் பிரான்ஸில் இருக்கிறான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அப்படியே போனவன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருத்தர் இப்படி உண்டு. வீட்டுச் செலவில் பாதி அவனுடையது, அதனால் பேச்சிலும் பாதி அவனுடையது.

"இங்க க்ளே ஆன் மேன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் கட்டி முடிச்சு சாவியக் கையில குடுத்துருவான். நீ வேலைக்குப் போறவ. அவளால வெளிய போக முடியாது. மணல் லாரிக்கு யாரு போயி நிப்பா? பேசாம பில்டர்கிட்ட விட்ரு" என்றான்.

"மொதல்ல அத மூக்கால சொல்லுண்ணா. இத்தன வருஷம் அங்க இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள் தங்கச்சி.

சரி, அவன் சொன்னதற்காக நூறடி ரோட்டில் ஒரு பில்டரைப் பார்க்கப் போனேன். மரியாதையான மனுஷர். டீ வரவழைத்தார். எங்கள் மனையில் வரப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். வாசலில் கருப்பு கிரானைட்டில் பளபளவென்று படிகள், ஓரத்தில் இரண்டு பூந்தொட்டிகள். நான் போனைத் தூக்கிப் பிடித்துத் தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினேன்.

"அழகா இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

அவர் சங்கடப்படவில்லை. "சாய்தளம் போட்ருவோம்மா. பாத்ரூம் கதவு எவ்ளோ அகலம் வேணும், உள்ள எவ்ளோ இடம் வேணும், எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க. கையெழுத்துப் போட்டப்புறம் மாத்த முடியாது" என்றார்.

"சொவரு வந்தப்புறம் நான் உள்ள போயித் திரும்பிப் பாத்தாத்தானே சார் தெரியும்?"

"கட்டக் கட்ட மாத்தினா என்னால எந்த வீட்டையும் முடிக்க முடியாதும்மா. நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க. சொன்னத சொன்ன மாதிரி கட்டித் தர்றேன். அதுக்கு நான் பொறுப்பு."

அவர் பேசியதில் ஒரு பொய் கிடையாது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி அட்வான்ஸை வாங்கிப் போட்டிருக்கலாம், செய்யவில்லை. இன்றைக்கும் அந்த ரோட்டில் போகும்போது அவருக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

அன்று சாயங்காலம் கூடத்தில் சாக்பீஸால் ஒரு பாத்ரூம் வரைந்தேன். தங்கச்சி நாற்காலியை அதற்குள் ஓட்டிப்போய்த் திருப்பிப் பார்த்தாள். சக்கரம் கோட்டைத் தாண்டியது. அழித்துவிட்டுப் பெரிதாக வரைந்தேன். இப்போது வாஷ்பேசினுக்குக் கை எட்டவில்லை. கதவை எதிர்ப்பக்கம் போட்டோம், தேவலாம் என்றாள், பத்து நிமிஷம் கழித்து வேண்டாம் என்றாள். கூடம் முழுக்கச் சாக்பீஸ் தூள். தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாதது அவள் தப்பும் இல்லை, அவளுக்கென்று ஒரு வீட்டை யாராவது இதற்கு முன்னால் கட்டியிருந்தால்தானே! கட்டி, பார்த்து, இடித்து, மறுபடி கட்டச் சம்மதிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அண்ணனிடம் லேபர் காண்ட்ராக்ட் என்று சொன்னதும் அவன் தாம்தூம் என்று குதித்தான். "நாளைக்கு எங்கிட்ட வந்து அழுவக் கூடாது."

"நான் ஏன்டா உங்கிட்ட அழுவறேன்? உன் மூஞ்சியப் பாத்தா அழுகையா வரும்?" என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் பேச்சில்லை. ஆனால் அடுத்த மாசம் அவன் பங்குப் பணம் சொன்ன தேதியில் வந்து விழுந்தது. அப்படி ஒரு அண்ணன் அவன்.

மேஸ்திரி வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. பேச வந்த அன்றே, "நடவுக்கும் அறுப்புக்கும் எங்க ஆளுங்க வரமாட்டாங்க யக்கா. நானும் வரமாட்டேன். அப்புறம் போன் மேல போன் போட்டுத் திட்டக் கூடாது" என்றார். திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

சாமான் வாங்குகிற வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை. நான் கவுண்ட்டரில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது. தங்கச்சி ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்தபடியே சிமெண்ட் கடை, கம்பிக் கடை, செங்கல் சூளை, ஜல்லி லாரி எல்லாரையும் போனிலேயே கட்டி மேய்த்தாள். "போன தடவை வந்த செங்கல்ல பாதி வேகவே இல்ல, நானே பாத்தேன்" என்பாள். எங்கே பார்த்தாள்? மேஸ்திரி அனுப்பிய வீடியோவில். மதியம் கம்பிக்காரரோடு பேரம், நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு, நடுவில் லாரி டிரைவர் வழி தெரியாமல் கூப்பிட்டால் அவருக்கும் இரண்டு திட்டு. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு களை வந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஃபுல் காண்ட்ராக்ட் விட்டிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். அடித்தளத்தை நிரப்பக் கிராவல் என்கிற செம்மண் வேண்டும் என்று மேஸ்திரி அவளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் போன் செய்து சொன்னார், நானும் அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு பேர் சொன்னதற்கும் தனித்தனியாக லோடு போடச் சொல்லிவிட்டாள். நான் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கேட் பாதி மறைகிற உயரத்துக்குச் செம்மண் மலை!

"அறிவிருக்கா உனக்கு? இத எங்க கொண்டு போயிக் கொட்டறது, என் தலையிலயா?"

"அவரு ஒரு தடவ சொன்னாரு, நீ ஒரு தடவ சொன்ன. ரெண்டு லோடு வந்துச்சு. இதுல நான் என்னா தப்பு பண்ணேன்?"

பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அடித்தளத்துக்குப் போக மிச்சத்தை ஆள் வைத்து மனையின் பின்மூலைக்கு மாற்றிப் போட்டோம். அதன் மேல் ஒரு தெருநாய் வந்து குட்டி போட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும், மண்ணைச் சொல்கிறேன், நாயை இல்லை.

சுவர் ஏறுவதற்கு முன்னால் வாசல் நிலை வைக்கிற பூஜை வந்தது. அன்று தங்கச்சி கட்டாயம் வர வேண்டும் என்று ஆட்டோவில் கூட்டிப்போனேன். வெறும் அடித்தளம்தானே, மேஸ்திரியின் ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி மேலே வைத்தார்கள். தேக்கு நிலை, நானே கடை கடையாக ஏறி வாங்கியது. அதற்கு அடியில் வைக்கத் தங்கம் கேட்டபோது, தங்கச்சி தன் காதிலிருந்த கம்மலின் திருகாணியைக் கழற்றிக் கொடுத்தாள். அவளே நிலையின் கீழ்ப்படிக்கு மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமப் பொட்டும் வைத்தாள். எல்லாரும் கைதட்டினோம். மேஸ்திரி வடை இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

உள்கதவு எதற்கும் கீழ்ப்படி வேண்டாம் என்று வரைபடத்திலேயே எழுதச் சொல்லியிருந்தேன். பாத்ரூம் தரை அறைத் தரையோடு சமமாக வர வேண்டும் என்று மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றேன். ஆட்களை விட்டு அவளைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்து ஒரு சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினோம். முகம் சுளிக்காமல் கட்டினார். ஆனால் வாசல் நிலை? வாசல் நிலை என்றால் எங்கள் எல்லார் மனசிலும் அது படியோடுதான் இருக்கிறது. அதற்கு மஞ்சள் பூசுகிறோம், கோலம் போடுகிறோம், அதன் மேல் நிற்காதே, உட்காராதே என்று சின்ன வயசிலிருந்து முதுகில் அடி வாங்குகிறோம். அது இல்லாத வாசலை வரைபடம் போட்ட இன்ஜினீயரும் யோசிக்கவில்லை, தச்சரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குனிந்து பொட்டு வைத்தாளே, அவளும் யோசிக்கவில்லை.

தளம் போட்டு, அதைத் தாங்கின முட்டுக் கம்பெல்லாம் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மறுபடி கூட்டிப்போனேன். வாசலுக்கு முன்னால் மேஸ்திரி செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, ஒரு தற்காலிகச் சாய்தளம் செய்து வைத்திருந்தார். "நீயா ஏறு பாப்பா, யாரும் தள்ளமாட்டோம்" என்றார். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

நான் பழக்கத்தில் பின்னால் போய்ப் பிடித்தேன். "கைய எடுக்கா" என்றாள். எடுத்தேன். அவளே சக்கரத்தை உருட்டி ஏறினாள். தோள்பட்டை நடுங்கியது, ஆனாலும் ஏறினாள். மேலே போய் வாசலுக்கு நேராகத் திரும்பினாள். டக்கென்று முன்சக்கரம் படியில் முட்டி நின்றது. பின்னால் வந்து வேகமாக ஓட்டினாள். மறுபடி முட்டியது. மூன்றாம் முறை ஓட்டவில்லை. அந்த மஞ்சள் காய்ந்துபோன படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே பொட்டு வச்சேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "நெலைக்குப் படி வேணாம்னு நீங்க யாராவது சொல்லியிருந்தா, அப்படி வைக்கக் கூடாது யக்கான்னு நான் சண்ட போட்டிருப்பேன். சண்டையாவது வந்திருக்கும். யாருக்குமே தோணலயே" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அறுத்து எடுங்க."

"பொன்னு வச்சு மூடின படி யக்கா. பொண்ணு கையால பொட்டு வச்சது. என் கை வராது. வேற ஆள வச்சு அறுத்துக்குங்க, நான் அந்தாண்ட போயி நின்னுக்கறேன்."

"அறுக்க வேணாம். என் திருகாணி அதுக்குக் கீழ இருக்கு. இருக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

படிக்கு இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை போடலாமா என்று பார்த்தோம். வெளியே போடலாம், உள்ளே போட்டால் கதவு திறக்காது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோவில் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பில்டர்கிட்ட விட்டிருந்தா அவன் தலையில கட்டியிருக்கலாம். இப்ப யாரக் கேக்கறது?" என்றான்.

"அவன் தலையில கட்டி என்னாத்தக் கிழிக்கறது? அவனும் நெலைக்குப் படி வச்சுத்தான்டா கட்டியிருப்பான்! அந்தக் கம்ப்யூட்டர் படத்துல முன்னாடி கிரானைட் படி வேற!" என்று அவனுக்கும் ஒரு டோஸ் விட்டேன்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது தங்கச்சி எங்களைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் தெரிந்த செம்மண் குவியலையும் அதன் மேல் உருண்டுகொண்டிருந்த நாய்க்குட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, படியத் தொட வேணாம். தரைய ஏத்திட்டா?"

அவர் குனிந்து படியின் உயரத்தைச் சாண் வைத்துப் பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏத்தலாம். ஆனா வீடு முழுக்க ஏத்தணும் பாப்பா. ஒரு ரூம மட்டும் ஏத்துனா அடுத்த ரூமுக்குப் படி வந்துரும். டைல்ஸ் இன்னும் போடல, கதவும் இன்னும் அடிக்கல, அது வரைக்கும் பொழைச்சோம். கதவக் கொஞ்சம் குட்டையா அடிச்சுக்கலாம். வெளிய சாய்தளத்தையும் அதே உசரத்துக்குக் கொண்டாந்துட்டா, படி தரையோட தரையாப் போயிரும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரொம்ப மண்ணு வேணுமே" என்றார்.

சொல்லிவிட்டு அவரும் அந்தக் குவியலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "என் தலையிலயா கொட்டறதுன்னு கேட்டல்ல?" என்றாள்.

ஃபுல் காண்ட்ராக்டாக இருந்தால் மிச்சம் விழுகிற மண், உடைந்த செங்கல், ஜல்லி எல்லாவற்றையும் பில்டர் அடுத்த சைட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவர் காசில் வாங்கியது, அதுதான் முறை. நாங்கள் வாங்கிப் போட்டதெல்லாம் எங்கள் மனையிலேயே கிடந்தது. அப்படியும் போதவில்லை, இன்னொரு லோடு சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தடவை ஒரே ஆள்தான் சொன்னாள், ஒரே லோடுதான் வந்தது.

ஆனால் அது நடவு நேரம். மேஸ்திரியின் ஆட்கள் எல்லாரும் வயலில் இருந்தார்கள். காத்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரம் ஒரு நாள் ஆபீஸ் போகிற வழியில் எட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் கேட்டது. மேஸ்திரியும் அவர் மனைவியும் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்தம்மா நாய்க்குட்டிகளைச் சிமெண்ட் சாக்கில் அலுங்காமல் தூக்கி வேப்பமரத்தடியில் விட்டிருந்தார். தாய் நாய் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

"நடவு என்னாச்சு?" என்றேன்.

"பங்காளிங்க பாத்துக்கறாங்க. பாப்பா மூஞ்சி கண்ணுலயே நிக்குது யக்கா" என்றார்.

தரையை ஏற்றுவது அவரோடு பேசிய கூலியில் கிடையாது. எவ்வளவு என்று கேட்டேன். "பேசிக்கலாம் யக்கா, மொதல்ல ஏத்துவோம்" என்றார். பிறகு பேசினோம், கொடுத்தேன், அவரும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, நன்றாகவே கேட்டு வாங்கினார். அது கணக்கு. ஆனால் மொதல்ல ஏத்துவோம் என்று சொன்னாரே, அதற்கு நான் எதைக் கொடுக்க முடியும்? அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன், பந்தியில் பரிமாறினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

கிருகப்பிரவேசத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். மாடு முதலில் உள்ளே போனது. அடுத்தது நாங்கள். சொந்தக்காரப் பெரியம்மா ஒருத்தர் பழக்க தோஷத்தில், "வலது கால எடுத்து வச்சு உள்ள போம்மா" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வலது சக்கரம் போதுமா பெரிம்மா?" என்றாள் அவள். பெரியம்மாதான் முதலில் சிரித்தார்.

அண்ணன் குனிந்து நாற்காலியின் கீழ்க் கம்பியைப் பிடித்தான். அவனும் எத்தனை தடவை தூக்கியவன்! ஊருக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு அதுதான் முதல் வேலை. "விடுண்ணா" என்றாள். விட்டுவிட்டு, கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். அவள் சாய்தளத்தில் ஏறி, மஞ்சளும் பொட்டுமாகத் தரையோடு தரையாகக் கிடந்த படியின் மேல் உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அண்ணன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹோமப் புகையாம். அன்றைக்கு முழுக்க அவன் பில்டர் பேச்சை எடுக்கவில்லை. பாத்ரூம் கதவு உயரம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னான்; அவன் ஆறடி, தலையைக் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் சாரல் அடித்தால் படி தடுக்காததால் கூடத்தில் தண்ணீர் வரும். துணியைப் போட்டுத் துடைப்பேன், முணுமுணுத்துக்கொண்டேதான் துடைப்பேன். குறை இல்லாத வீடு என்று நான் சொல்ல வரவில்லை.

குடிவந்த புதிதில் அவள் கேட் வரைக்கும் போவாள், நின்று தெருவைப் பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். பயம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வா, நானும் வர்றேன்" என்றால், "நீ வர்றதுன்னா எதுக்கு இந்த வீடு?" என்பாள். மாசங்கள் போயின. மீன் நான்தான் வாங்கி வந்தேன், திட்டும் நான்தான் வாங்கினேன்.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் கதவு பூட்டியிருந்தது. கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளிருந்து பூட்டியதா வெளியிலிருந்தா என்று தெரியாது. பெல்லை அடித்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். போன் போட்டேன், போன் உள்ளே அடித்தது. உள்ளே விழுந்து கிடக்கிறாளோ என்று ஜன்னல் ஜன்னலாக ஓடினேன். நாற்காலி இல்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் வீட்டுக்கு வரும்போது அவள் உள்ளே இல்லாமல் இருந்ததே கிடையாது. பூட்டிய வீட்டுக்கு நான் தனியாக வந்ததே கிடையாது. என்னிடம் சாவி என்று ஒன்று இருந்ததே இல்லை.

சாய்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் தெருமுனையில், குருசுக்குப்பத்து அம்மா ஒருத்தர் மீன் கூடையோடு உட்காருவார். அங்கிருந்து சக்கரச் சத்தம் வந்தது. தலையெல்லாம் கலைந்து, நெற்றியில் வேர்வையோடு, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"என்னா வெளிய உக்காந்திருக்க? சாவி எடுத்துட்டுப் போறதில்லயா?" என்றாள்.

போனை விட்டுவிட்டுப் போனதற்குத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பையைப் பிரித்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினாள். "பாரு, எப்படி செகப்பா இருக்கு பாரு. இதுதான் மீனு. நீ வாங்கிட்டு வந்ததெல்லாம் என்னா?"

நான் உட்கார்ந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். அவள் மீனைப் பைக்குள் போட்டாள்.

"சரி, சரி, அழுவாத. வழிய விடு, மீனு கெட்டுப்போயிரும்" என்றாள்.

ஒதுங்கி வழி விட்டேன். அவள் ஏறிப்போய்ப் பூட்டைத் திறந்து, படியின் மேல் உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் சாவிக் கடையில் நின்று, எனக்கென்று ஒரு சாவி போட்டுக்கொண்டேன்.